சிகிலில் இருந்து 'புக் வியூ' போன கதை

ஆம்பூரில் எனக்குப் பழக்கமான ஒரு டிடிபி கடை இருக்கு. கல்யாணப் பத்திரிகை, ஷூ கம்பெனிகளுக்கு அடையாள அட்டை, பள்ளிக்கூட வினாத்தாள், இதுதான் அவங்களுக்குச் சோறு போடும் வேலை. கடையின் மூலையில் விண்டோஸ் 7 போட்ட ஒரு கணினி. இணைய இணைப்பு கிடையாது. மானிட்டர் ஓரத்தில் செலோடேப் போட்டு ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள்: "அப்டேட் செய்யக் கூடாது."

காரணம் கேட்டேன். ரெண்டு சொன்னார் கடைக்காரர். ஒன்று, உருதுப் பத்திரிகைகள் அடிக்கிற பழைய இன்பேஜ். இன்னொன்று சிகில். "புதுசுல புக் வியூ இல்லைங்க. எடுத்துட்டானுங்க. இதுல இருக்கு."

மின்னூல் செய்கிற எல்லோருக்கும் இந்தப் புலம்பல் தெரியும். 2019இல் சிகில் மென்பொருளில் இருந்து புக் வியூ என்ற வசதியை அதன் நிரலாளர்கள் அகற்றினார்கள். வருஷங்கள் ஓடிவிட்டன, இன்னும் அதற்காகப் பழைய பதிப்பைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஏன் எடுத்தார்கள், எடுத்தது சரியா என்று எனக்கே ரொம்ப நாளாக ஒரு கேள்வி. தேடிப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

சிகில் பற்றித் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. மின்னூலுக்கான பொது வடிவம் இபப். 2007இல் ஐடிபிஎஃப் என்ற அமைப்பு இதைத் தரமாக அறிவித்தது. ஒரு இபப் கோப்பின் பெயரில் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றிப் பிரித்துப் பாருங்கள், உள்ளே ஒரு குட்டி இணையதளம் இருக்கும். அத்தியாயத்துக்கு ஒரு எக்ஸ்எச்டிஎம்எல் கோப்பு, அழகுபடுத்த சிஎஸ்எஸ், படங்கள், எழுத்துரு, எது எதற்குப் பின் வரவேண்டும் என்று சொல்லும் ஒரு பட்டியல். அவ்வளவுதான். ஆனால் அந்த எக்ஸ்எச்டிஎம்எல் கறாரான பேர்வழி. திறந்த டேக்கை மூட மறந்தால் உலாவி மன்னித்துவிடும், இபப் படிப்பான் பல நேரம் அந்தப் பக்கத்தையே காட்டாது.

2009இல் ஸ்ட்ராஹின்யா மார்கோவிச் என்பவர் சிகிலை வெளியிட்டார். இலவசம், கட்டற்ற மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதில் ரெண்டு பார்வை. கோட் வியூவில் டேக்குகளோடு உள்ளது உள்ளபடி தெரியும். புக் வியூவில் வேர்டு மாதிரி, புத்தகப் பக்கமாகவே தெரியும். அங்கேயே சொல்லைத் தேர்ந்து தடித்த எழுத்தாக்கலாம், தலைப்பாக்கலாம், பத்தியைப் பிரிக்கலாம். கீழே என்ன டேக் போகிறது என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இந்தக் "கவலைப்பட வேண்டாம்" எவ்வளவு பெரிய வாசல் என்பது தமிழில் மின்னூல் செய்தவர்களுக்குத்தான் தெரியும். தமிழில் மின்னூல் முயற்சி புதிதில்லை. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கு. 2013இல் த. சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கிய ஃப்ரீதமிழ்இபுக்ஸ் இருக்கு. ரெண்டுமே தன்னார்வலர்களின் கையால் ஓடுபவை. தன்னார்வலர் என்றால் யார்? ஓய்வு பெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், கல்லூரி மாணவி, வீட்டில் இருக்கும் பெண்கள். மெய்ப்பு பார்க்கத் தெரியும், தமிழ் தெரியும், தட்டச்சு தெரியும். டேக் தெரியாது. சிகிலை எனக்குக் காட்டித் தந்தவர் அன்றைக்குச் சொன்னது, "வேர்டு தெரியுமில்ல? அப்ப இதுவும் தெரியும்." அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள்.

நானும் அப்படி ஒருத்தரைக் கூட்டி வந்தேன். பேரணாம்பட்டு பக்கத்தில் ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். அவருடைய அப்பா ஆயுள் முழுக்கத் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புத் தொட்டி, ஆவாரம்பட்டை ஊறல், பாலாற்று மணல், கூலி, சங்கம், எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்துவிட்டுப் போனார். டீச்சர் அதை ரெண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்து, வேர்டு கோப்பாக வைத்திருந்தார். அதை மின்னூலாக்க வேண்டும். புக் வியூவைக் காட்டினேன். "இது நம்ம வேர்டு மாதிரியே இருக்கே தம்பி" என்றார். வேர்டில் இருந்து எச்டிஎம்எல்லாகச் சேமித்து, சிகிலில் திறந்து, மூன்று மாதம் உட்கார்ந்து முன்னூறு பக்கத்தையும் அலங்கரித்தார். அவர் திரையில் பார்த்தேன், அத்தனை அழகு.

என் போனில் திறந்தேன். முதல் நாற்பது பக்கம் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை.

பழைய தமிழ்த் தட்டச்சுக்காரர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். ஆமாம், பாமினி. கடைக்காரர் முதல் பகுதியை யூனிகோடிலும் மீதியைப் பாமினியிலும் அடித்திருக்கிறார். பாமினி எழுத்துருவில் தமிழ் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் இருப்பது ஆங்கில எழுத்தின் எண்தான். புள்ளி வைக்க அரைப்புள்ளியைத் தட்டுவோம். மேலே தமிழ் முகமூடி, அவ்வளவுதான். டீச்சரின் கணினியில் பாமினி எழுத்துரு இருந்தது, வேர்டு ஒவ்வொரு பத்திக்கும் 'இந்த எழுத்துருவில் காட்டு' என்று ஒரு ஸ்பான் ஒட்டி அனுப்பியிருந்தது. ஆகவே புக் வியூவில் எல்லாமே தமிழாகத் தெரிந்தது. வாசகர் போனில் பாமினி இல்லை. முகமூடி கழன்றுவிட்டது. கோட் வியூவை ஒரே ஒரு முறை திறந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

உருதுவுக்கும் இதே கதைதான். ஆம்பூர், வாணியம்பாடியில் உருதுப் பத்திரிகை அடிக்காத டிடிபி கடை கம்மி. 1994இல் வந்த இன்பேஜ்தான் அவர்களுக்கு எல்லாம். நூரி நஸ்தாலிக் எழுத்துருவில் கையெழுத்துக் கலைஞர் எழுதியது போலவே அச்சாகும். பழைய இன்பேஜ் கோப்பில் இருப்பது அதன் சொந்தக் குறியீடு. வேறெங்கும் கொண்டுபோய் ஒட்டினால் ஒன்றும் தேறாது. அந்தக் கடையின் மூலைக் கணினியில் இந்த ரெண்டு மென்பொருளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, சிகிலுக்கு வருவோம். புக் வியூ உண்மையில் என்ன? ஒரு உலாவி. பக்கத்தைக் காட்டுகிற உலாவி எஞ்சினை எடுத்து, "இதை எழுதவும் விடு" என்று ஒரு சுவிட்சைத் தட்டுவது. 2000இல் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5இல் கொண்டுவந்த வசதி இது, பிறகு எல்லா உலாவிகளுக்கும் பரவியது. ஆனால் நீங்கள் என்டர் தட்டினால் புதுப் பத்தி பிறக்க வேண்டுமா, டிவ் பிறக்க வேண்டுமா, வெறும் வரி முறிவா? ஒவ்வொரு எஞ்சினும் தன் இஷ்டத்துக்குச் செய்தது. ஒரு சொல்லை அழித்து ரெண்டு பத்திகளை இணைத்தால் நடுவில் ஒரு ஸ்பான் முளைக்கும், அதற்குள் எழுத்தின் அளவும் நிறமும் தானாக ஏறிக்கொள்ளும். அதைவிட முக்கியம், உலாவி எஞ்சின் பேசுவது எச்டிஎம்எல். இபப்புக்கு வேண்டியது கறாரான எக்ஸ்எச்டிஎம்எல். புக் வியூவில் இருந்து கோட் வியூவுக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் இந்த மொழிபெயர்ப்பு நடந்தாக வேண்டும். பழைய சிகிலில் அந்த வேலையை டைடி என்ற கருவி செய்தது. அது சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று உங்கள் கோப்பையே திருத்தி எழுதும். அந்தக் காலத்து இபப்புகளைப் பிரித்துப் பார்த்தால் எஸ்ஜிசி-1, எஸ்ஜிசி-2 என்று வரிசையாக வகுப்புப் பெயர்கள் கிடக்கும். சிகில் தானாகப் பெற்றுப்போட்ட பிள்ளைகள் அவை. என் முதல் மின்னூலில் எஸ்ஜிசி-14 வரை இருந்தது.

2011இல் மார்கோவிச் பொறுப்பை ஜான் ஷெம்பரிடம் கொடுத்தார். அதே ஆண்டு இபப் 3 வந்தது. எச்டிஎம்எல் 5, ஒலி, ஒளி, சொற்பொருள் குறிப்புகள் என்று எல்லாம் சேர, புக் வியூவின் மொழிபெயர்ப்பு வேலை இன்னும் சிக்கலானது. 2013 டிசம்பரில் காலிபர் தன் சொந்த இபப் திருத்தியை வெளியிட்டது. காலிபரை எழுதுபவர் கோவிட் கோயல், நம்ம நாட்டுக்காரர். அவருடைய திருத்தியில் முதல் நாளில் இருந்தே புக் வியூ மாதிரி எதுவும் கிடையாது. ஒரு பக்கம் கோடு, இன்னொரு பக்கம் வெறும் முன்னோட்டம். 2014இல் ஷெம்பர், சிகிலின் வாரிசு இனிக் காலிபர் திருத்திதான் என்கிற ரீதியில் எழுதிவிட்டு ஒதுங்கத் தயாரானார். சிகில் அன்றே செத்திருக்க வேண்டியது. கெவின் ஹென்ட்ரிக்ஸ், டக் மாஸ்ஸே என்ற இருவர் எடுத்துக்கொண்டார்கள். முதல் வேலையாக டைடியைத் தூக்கிவிட்டு, கூகுள் எழுதிய கம்போ என்ற பாகுபடுத்தியைப் போட்டார்கள். எஸ்ஜிசி பிள்ளைகளின் பிறப்பு நின்றது.

ஆனால் அடித்தளமே ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, கொஞ்சம் சுற்றிவருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிகில் எழுதப்பட்டது க்யூடி என்ற கருவித்தொகுப்பில். (அவர்கள் 'க்யூட்' என்று சொல்வார்கள்.) லினக்ஸ் உலகின் கேடிஈ குழு இதே க்யூடியை வைத்து கேஎச்டிஎம்எல் என்ற உலாவி எஞ்சினை எழுதியிருந்தது. 2001 வாக்கில் ஆப்பிள் அதை எடுத்து வெப்கிட் ஆக்கியது, அதில் இருந்து சஃபாரி பிறந்தது. வெப்கிட் திரும்பவும் தாய்வீட்டுக்கு வந்தது, க்யூடி வெப்கிட் என்ற பெயரில், 2008இல். சிகிலின் புக் வியூ நின்றது இதன் மேல்தான். அதே 2008இல் கூகுள் குரோமும் வெப்கிட்டில் வந்தது. 2013இல் கூகுள் பிரிந்துபோய் பிளிங்க் என்று தனிக்குடித்தனம் வைத்தது. க்யூடிக்காரர்கள் கூகுள் பக்கம் சாய்ந்தார்கள். 2016இல் வந்த க்யூடி 5.6இல் வெப்கிட் இல்லை. அதற்குப் பதில் குரோமியத்தை வைத்துக் கட்டிய வெப்எஞ்சின்.

ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. வெப்கிட் காலத்தில் பக்கத்தின் உள்ளமைப்பு முழுக்கச் சிகிலின் கைக்கு எட்டும். எந்தப் பத்தியில் கர்சர் நிற்கிறது என்று நேராகப் பார்த்து, கோட் வியூவில் அதே இடத்துக்குக் கூட்டிப்போகும். வெப்எஞ்சினில் பக்கம் பாதுகாப்புக்காகத் தனி அறையில், தனிச் செயலியாக ஓடுகிறது. கதவுக்கு அடியில் சீட்டு எழுதித் தள்ளலாம், பதில் பிறகு வரும். ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் ரெண்டு பார்வையையும் ஒத்திசைத்து வைக்கும் ஒரு திருத்திக்கு இது கழுத்துப் பிடி. பழைய வெப்கிட்டிலேயே தங்கினால்? பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, புதிய இயங்குதளங்களில் ஓட வைப்பது நாளுக்கு நாள் பாடு. சம்பளம் வாங்காமல் ஓய்வு நேரத்தில் வேலை செய்கிற ரெண்டு பேர் அந்தப் பாரத்தை எத்தனை நாள் சுமப்பார்கள்?

ஆகவே 2019இல் முடிவெடுத்தார்கள். சிகில் 1.0 பதிப்பில் புக் வியூ இருக்காது. முன்னோட்டச் சன்னல் இருக்கும், அதில் ஒரு பத்தியைச் சொடுக்கினால் கோட்டில் அந்த இடத்துக்குப் போகலாம், ஆனால் அங்கேயே எழுத முடியாது. எழுதியே தீருவேன் என்பவர்களுக்குப் பேஜ்எடிட் என்று தனி மென்பொருள் ஒன்றை எழுதி, அதையும் இலவசமாகவே கொடுத்தார்கள். சிகிலில் இருந்தே ஒரு பொத்தானைத் தட்டி, கையில் இருக்கும் கோப்பைப் பேஜ்எடிட்டில் திறக்கலாம்.

இந்தக் கடைசித் தகவல்தான் பலருக்குப் போய்ச் சேரவே இல்லை. "எடுத்துட்டானுங்க" என்பது மட்டும் வேகமாகப் பரவியது. ஆம்பூர் கடைக்காரரிடம் பேஜ்எடிட் பற்றிச் சொன்னபோது அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. நான் பார்த்தவரை பேஜ்எடிட் பழைய புக் வியூவைவிடச் சுத்தமாகவே வேலை செய்கிறது. ஆனால் பழகிய வீட்டில் ஒரு அறையை அடைத்துவிட்டு, எதிர்வீட்டில் அதைவிட நல்ல அறை இருக்கு என்று சொன்னால் யார் சந்தோஷமாகப் போவார்கள்?

புக் வியூவை ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள் இருவரும் மறக்கிற ஒன்று இருக்கு. எழுதுகிற இடமும் பார்க்கிற இடமும் ஒன்றாக இருப்பது ரொம்பப் புதிய பழக்கம். ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவர் கையில் இருக்கும் எழுத்து கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக இருக்கும். அதைத் தலைகீழாக அடுக்கி, தலைகீழாகவே படிப்பார். அவருக்குத் தெரிவது கோட் வியூ. மை தடவி ஒரு தாள் எடுத்தால் வருவது புரூஃப், அது வேறொருவர் மேசைக்குப் போகும். ரெண்டு கண், ரெண்டு ஆள். 1985இல் பேஜ்மேக்கர் வந்து, அது தொண்ணூறுகளில் நம்மூர் அச்சகங்களுக்கும் வந்துசேர்ந்தபோதுதான் இந்த ரெண்டு மேசையும் ஒன்றானது. அச்சுக்கோப்பவர்கள் வேலை போயிற்று. புதிதாக டிடிபி ஆட்கள் வந்தார்கள். அச்சுக்கு அது சரி, ஏனென்றால் கடைசியில் வருவது தாள், திரையில் பார்த்ததுதான் தாளில் விழும். மின்னூலில் கடைசித் தாள் என்று எதுவும் இல்லை. ஆறு அங்குல கிண்டில், ஒருத்தர் போன், இன்னொருத்தர் டேப்லட், பார்வை இல்லாதவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள். எந்தப் பக்கத்தை நீங்கள் பார்த்து எழுதுகிறீர்கள்? கிண்டில் தமிழை முறையாக ஏற்றுக்கொண்டதே 2016 டிசம்பரில்தான். அதுவரை கிண்டில்காரர்களுக்கென்று ஆறு அங்குல பிடிஎஃப் தனியாகச் செய்துகொண்டிருந்தோம்.

தோல் கம்பெனியில் தரம் பிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? மேல்புறம் பளபளப்பாக இருக்கும், அதை ஒரு பார்வை பார்ப்பார்கள். உடனே திருப்பிப் போட்டுச் சதைப்புறத்தை விரலால் தடவுவார்கள். மேல்பூச்சில் மறைந்த வெட்டும் ஓட்டையும் அங்கேதான் தெரியும். டீச்சரிடம் இதைச் சொல்லித்தான் கோட் வியூவைத் திறக்க வைத்தேன். வேறு எந்த விளக்கமும் எடுபடவில்லை, அப்பா செய்த வேலை அது என்பதால் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

அதற்காக எடுத்தவர்கள் செய்தது முழுக்கச் சரி, அழுதவர்கள் சோம்பேறிகள் என்று நான் சொல்ல வரவில்லை. நுட்பக் காரணங்கள் அசைக்க முடியாதவைதான். ஆனால் சரியான முடிவுக்கும் ஒரு விலை உண்டு, அதை யார் கட்டுகிறார்கள் என்பது தனிக் கேள்வி. எங்கள் பகுதிக்கு இது பழகிய கேள்வி. 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு நிலையம் இல்லாவிட்டால் மூடு. பாலாற்றின் தண்ணீரைக் குடிக்கும் எவரும் அந்தத் தீர்ப்பைத் தப்பென்று சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய ஆலைக்கு அது ஒரு செலவுக் கணக்கு, நாலு தொட்டி வைத்திருந்தவருக்கு வாழ்க்கை. ஆற்றையும் ஒரு மென்பொருள் பொத்தானையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது, தெரியும். பளு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் மட்டும் ஒற்றுமை. டேக் தெரிந்தவர்களுக்கு 1.0 ஒரு முன்னேற்றம். எனக்கு லாபம்தான். டேக் தெரியாமல் உள்ளே வந்தவர்களில் சிலர் சத்தமில்லாமல் போய்விட்டார்கள். என்னோடு வேலை செய்தவர்களில் ரெண்டு பேரை அப்படி இழந்தேன். ஒருத்தர் நல்ல மெய்ப்பர், ஒற்றுப்பிழை அவர் கண்ணுக்குத் தப்பாது. ஒரு நாள் டேக்கை மூடாமல் விட்டு அத்தியாயமே காணாமல் போக, "எனக்கு இது வராது சார்" என்று ஒதுங்கிவிட்டார். பேஜ்எடிட் பற்றி நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் அப்போது தெரியாது.

டீச்சர் போகவில்லை. அப்பா புத்தகம் ஆயிற்றே. பாமினிப் பகுதியை மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினோம், அதில் விழுந்த பிழைகளை வரி வரியாகத் திருத்தினார். கோட் வியூவில் ஆறு டேக் போதும் என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன்: பத்தி, ரெண்டு தலைப்பு, சாய்வு, தடிப்பு, படம். மீதி எல்லா ஸ்பானையும் தேடி மாற்றும் வசதியில் ஒரே அடியாகத் தூக்கினோம். கோப்பின் அளவு பாதிக்கும் கீழே வந்தது. அங்கேயும் தமிழ் தன் வேலையைக் காட்டியது. 'தொட்டி' என்று தேடினால் பாதி இடத்தில் கிடைக்கவில்லை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். சில இடத்தில் ஒகரக் குறி ஒரே எழுத்தாக இருந்தது, சில இடத்தில் எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தன. இது கோட் வியூவிலும் தெரியாது. அதற்கும் கீழே ஒரு தளம் இருக்கிறது போல.

எல்லாம் முடிந்து வெளியிடும் நேரத்தில் 2019 நவம்பர். வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது, பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. புத்தகம் முழுக்க "வேலூர் மாவட்டம், ஆம்பூர்." மாற்றலாமா என்று கேட்டேன். "அப்பா இருந்தப்ப அது வேலூர்தானே தம்பி. அதுக்கும் முன்னாடி வடாற்காடு. விட்டுடுங்க" என்றார்.

போன மாதம் டிடிபி கடைக்குப் போனபோது புதுக் கணினி ஒன்றில் சிகிலையும் பேஜ்எடிட்டையும் நிறுவிக் கொடுத்தேன். கடைக்காரர் ரெண்டையும் திறந்து பார்த்தார், டீச்சருக்குக் கொடுத்த அட்டையின் நகலை மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். மூலையில் இருக்கும் பழைய கணினியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும் சார்" என்றார். "உருதுப் பத்திரிகை இருக்குல்ல."